வீட்டுக்கும் கடைக்கும் வெள்ளக் காப்பீடு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையைத் தாண்டி கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, ஜங்ஷன் என்று வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் ஏறியது. 1992 நவம்பரிலும் ஆறு இப்படித்தான் வந்தது. நான் கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். தண்ணீர் வடிந்ததும் வந்தவர்கள் கேட்டதெல்லாம் "இதுக்கு இன்சூரன்ஸ் உண்டுமா?" என்றுதான். சிலரிடம் பாலிசியே இருந்தது, அதில் வெள்ளமும் சேர்த்தி என்பதுதான் தெரியாது. அப்படி வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

வெள்ளத்துக்கென்று அரசு காப்பீட்டுத் திட்டம் ஏதாவது இருக்கிறதா?

வீட்டுக்கும் கடைக்கும் அப்படித் தனியாக ஒரு திட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் எதுவும் கிடைக்காது. நமக்கு வெள்ளம் தீக்காப்பீட்டுக்குள்தான் இருக்கிறது. ஃபயர் பாலிசி என்று ஏஜெண்ட் சொல்வாரே, அதற்குள் தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்தே வரும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2021 ஏப்ரல் 1 முதல் மூன்று பாலிசிகளை ஒரே மாதிரியான வாசகத்தோடு கொண்டுவந்தது. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா. ஒரே இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி வரை என்றால் அந்தக் கடைக்கோ பட்டறைக்கோ பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். அரசுக் கம்பெனியில்தான் எடுப்பேன் என்பவர்களுக்கு நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்று நான்கு இருக்கின்றன. ஆனால் இதில் அரசு மானியம் எதுவும் கிடையாது, பிரீமியம் முழுக்க நாம்தான் கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் அரசே வெள்ளக் காப்பீடு தருகிறது என்று மகன் சொல்கிறான். அது என்ன?

அவர் சொல்வது சரிதான். அங்கே வீட்டுக்கு எடுக்கும் சாதாரண பாலிசியில் வெள்ளம் சேராது. அதனால் 1968இல் சட்டம் போட்டு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள், ஃபீமா என்ற பேரிடர் அமைப்பு அதை நடத்துகிறது. வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர் வரை. வியாபாரக் கட்டடம் என்றால் இரண்டுக்கும் தலா 5,00,000 டாலர் வரை. எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், புயல் கிளம்பிய சேதி கேட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது. அந்தத் திட்டத்தின் விதி எதுவும் இங்கே செல்லாது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேங்கில் வருஷம் 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கிறார்களே, அதில் வீடு வராதா?

வராது. 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு. இரண்டும் மத்திய அரசுத் திட்டங்கள், நல்ல திட்டங்கள், தொடர்ந்து கட்டுங்கள். ஆனால் அவை ஆளுக்குத்தான், வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அதிலிருந்து வராது. வீட்டுக் கடன் வாங்கும்போது கூடவே எடுக்கச் சொல்லும் "லோன் இன்சூரன்ஸ்" பல நேரம் கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசியாகவே இருக்கிறது. உங்கள் கடன் பத்திரத்தோடு இருக்கும் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். அதில் கட்டடத்தின் முகவரியும் கட்டடத்துக்கான தொகையும் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டுக்குக் காப்பீடு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுதான் நிவாரணம் தருகிறதே, அப்புறம் எதற்குக் காப்பீடு?

2023 வெள்ளத்தில் அதிகம் பாதித்த பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் மாநில அரசு கொடுத்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் நிவாரணம் என்பது அடுத்த சில நாட்களைத் தள்ளுவதற்கான பணம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை, பிள்ளைகளின் லேப்டாப், ஊறிப்போன கதவு நிலை, திரும்பப் போட வேண்டிய வயரிங் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்காரருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது.

வீட்டுப் பாலிசியில் என்னென்ன வரும்?

கட்டடமும் உள்ளே இருக்கும் சாமான்களும் வரும். கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும், பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் வேண்டும் என்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நகை, கலைப்பொருள் மாதிரியானவற்றுக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு பூட்டு உடைத்துத் திருடிப் போனால், சம்பவம் நடந்து 7 நாட்களுக்குள் நடந்த திருட்டும் சேரும். வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போனால் வேறு இடத்தில் இருக்கும் வாடகைக்கும் வழி உண்டு. பைக்கும் காரும் இதில் வராது.

10 வருஷம் வரைக்கும் சேர்த்தே எடுக்கலாம், காப்பீட்டுத் தொகை வருஷத்துக்கு 10 சதவீதம் தானாக உயரும். வருஷா வருஷம் புதுப்பிக்க மறந்துவிடுகிற வீடுகளுக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து.

எவ்வளவு தொகைக்கு எடுக்க வேண்டும்? என் வீடு இன்றைக்கு 60 லட்சம் போகும்.

60 லட்சம் என்பது மனையோடு சேர்த்த விலை. மனையை வெள்ளம் கொண்டுபோகாது, அதற்குக் காப்பீடும் இல்லை. அதே வீட்டை இன்றைக்குத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. வீட்டின் உள்பரப்பு 800 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 16 லட்சம். சாமான்களுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் தானாகச் சேரும். உங்கள் ஊர்க் கொத்தனாரிடமோ இன்ஜினியரிடமோ இன்றைய ரேட்டைக் கேட்டுப் போடுங்கள், 15 வருஷத்துக்கு முன் கட்டின செலவைப் போடாதீர்கள். வீட்டுப் பாலிசியில் தொகை கொஞ்சம் குறைவாகப் போட்டுவிட்டீர்கள் என்பதற்காகக் கிளைமை விகிதம் போட்டு வெட்ட மாட்டார்கள், அந்தச் சலுகை வீட்டுக்கு உண்டு. ஆனாலும் எழுதின தொகைக்கு மேல் ஒரு பைசா வராது.

அணையைத் திறந்துவிட்டதால் வந்த தண்ணீர் என்று சொல்லிக் கிளைமைத் தள்ளிவிடுவார்களா?

பாபநாசமோ மணிமுத்தாறோ திறந்துவிட்டு வந்தாலும், குளக்கரை உடைந்து வந்தாலும், பாளையங்கால்வாய் நிரம்பித் தெருவுக்குள் வந்தாலும் வீட்டுக்குள் புகுந்தது வெள்ளம்தான். தண்ணீர் தேங்கி நின்றாலும் சேரும். மறுப்பு வரக்கூடிய இடங்கள் வேறு. பல மாதமாகச் சுவரில் ஈரம் ஊறி, பராமரிக்காமல் விட்டு, மழையில் அது பெயர்ந்தது என்றால் கஷ்டம். அதுபோல ஆற்றங்கரை அரிப்பும் கடல் அரிப்பும் பாலிசியில் விலக்கப்பட்டவை. படுகையை ஒட்டி வீடு கட்டியிருப்பவர்கள் இந்த வரியைக் கவனியுங்கள். வெள்ளத் தண்ணீர் உள்ளே வந்து சுவர் சாய்ந்தால் அது ஒரு கதை, கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அஸ்திவாரம் இறங்கினால் அது வேறு கதை. படம் எடுக்கும்போது சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி எடுங்கள், அதை மிஞ்சிய சாட்சி கிடையாது.

ஓலை வீடு, மண் சுவர் வீடு?

கட்டுமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். கம்பெனி வேறு ரேட் போடலாம், தயங்கவும் செய்யலாம். ஓட்டு வீடு, காங்கிரீட் என்று மாற்றி எழுதி வாங்கினால் நாளைக்கு அந்த ஒரு பொய்யே கிளைமைக் கவிழ்த்துவிடும்.

வாடகை வீட்டில் இருக்கிறேன்.

சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டடம் வீட்டுக்காரர் பாடு.

கடைக்கு எடுக்கும்போது எதில் அதிகம் ஏமாறுகிறோம்?

தொகையில்தான். கடைச் சரக்கு உண்மையில் 20 லட்சம் இருக்கும், பிரீமியம் கூடுமே என்று 10 லட்சத்துக்கு எழுதுவார்கள். வெள்ளத்தில் 6 லட்சம் சரக்கு போனால், நம் ஆள் "10 லட்சத்துக்குப் பாலிசி இருக்கே, 6 லட்சமும் வந்துரும்" என்று நினைப்பார். வராது. சரக்கில் பாதியைத்தான் காப்பீடு செய்திருக்கிறார் என்பதால் நஷ்டத்திலும் பாதிதான், 3 லட்சம். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் இந்த வெட்டு கிடையாது, அதாவது 20 லட்சம் சரக்குக்கு 18 லட்சம் எழுதியிருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். 10 லட்சம் எழுதினால் தப்ப முடியாது.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தீபாவளிச் சரக்கு, பொங்கல் சரக்கு என்று கடை நிரம்பி வழிவதும் அதே மாதங்களில்தான். ஏப்ரலில் இருக்கும் சரக்கைப் பார்த்துத் தொகை எழுதினால் ஆறு வரும் நாளில் கண்டிப்பாகக் குறையும். வருஷத்தில் எந்த மாதம் சரக்கு அதிகமோ அந்த மாதத்தைக் கணக்கில் எடுங்கள். சரக்கு ரொம்ப ஏறி இறங்கும் தொழில் என்றால் சரக்கின் மதிப்பை அவ்வப்போது கம்பெனிக்குத் தெரிவிக்கும் டிக்ளரேஷன் முறையில் பாலிசி உண்டா என்று கேளுங்கள்.

அடுத்தது முகவரி. கடை டவுன் ரத வீதியில், குடோன் வேறு தெருவில். பாலிசியில் கடை முகவரி மட்டும் இருந்தால் குடோனில் நனைந்த மூட்டைக்குப் பணம் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுபவர் மாவு மூட்டையை ஒரு இடத்திலும் காய்ந்த அப்பளத்தை இன்னொரு இடத்திலும் வைத்திருந்தால் இரண்டு இடத்தையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, அடுத்தவர் பொருள். தையல் கடையில் இருக்கும் துணி, ரிப்பேருக்கு வந்த மிக்ஸி, கமிஷனுக்கு விற்க வாங்கி வைத்த பத்தமடைப் பாய், இதெல்லாம் உங்கள் சொத்து இல்லை. பொறுப்பில் இருக்கும் பொருள் என்று தனியாகச் சொல்லிச் சேர்த்தால்தான் வரும். கல்லாவில் இருந்த ரொக்கத்துக்கு சூக்ஷ்ம பாலிசியில் ஒரு சிறு வரம்பு வரைதான் வரும், அதற்கு மேல் வேண்டும் என்றால் வேறு பாலிசி.

சரக்குக்கு விற்கிற விலை தருவார்களா?

இல்லை. உங்களுக்கு அடங்கிய விலைதான், லாபம் சேராது. கடை மூடிக் கிடந்த நாட்களின் வியாபார இழப்பும் இதில் வராது. லாப இழப்புக்கென்று தனிப் பாலிசி இருக்கிறது, சிறு கடைகள் யாரும் எடுப்பதில்லை, ஆனால் மில் மாதிரிப் பெரிய தொழில் செய்பவர்கள் யோசிக்க வேண்டும்.

பேங்கில் சி.சி. லோன் (சரக்கின் பேரில் வாங்கும் கேஷ் கிரெடிட் கடன்) இருக்கிறது, அவர்களே இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள் அல்லவா?

போட்டிருக்கலாம். ஆனால் பாலிசியின் நகலை வாங்கிப் படிக்காமல் நம்பாதீர்கள். பழைய முகவரியோடு ஓடும் பாலிசிகளைப் பார்த்திருக்கிறேன், கடனுக்கு ஈடான சரக்கை மட்டும் சேர்த்துவிட்டு மெஷினையும் பர்னிச்சரையும் விட்ட பாலிசிகளையும் பார்த்திருக்கிறேன், கணக்கில் பணம் இல்லாததால் புதுப்பிக்காமலே போனதும் உண்டு. பெரிய தொழிற்சாலைகளுக்கான ஃபயர் பாலிசியில் புயல், வெள்ளப் பகுதியை நீக்கிப் பிரீமியத்தைக் குறைக்கும் வழக்கம் இருந்தது, அதனால் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பாருங்கள். கடன் இருக்கும்வரை கிளைம் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரெட் அலர்ட் வந்த பிறகு எடுக்கலாமா?

அமெரிக்கா போல 30 நாள் காத்திருப்பு இங்கே இல்லை. ஆனால் பிரீமியம் கம்பெனி கைக்குப் போன பிறகுதான் பொறுப்பு தொடங்கும், காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்ததெல்லாம் கணக்கில் வராது. தண்ணீர் வாசலில் நிற்கும்போது எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்காது. ஆனி ஆடியிலேயே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் மெயினை அணைத்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பாலிசி எண் கையில் இல்லாவிட்டாலும் கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் போட்டுப் பெயரும் முகவரியும் சொல்லிப் புகார் எண் வாங்கிவிடுங்கள், சிக்னல் இல்லையென்றால் வெளியூரில் இருக்கும் மகனோ மருமகனோ சொன்னாலும் போதும். தாமதம்தான் பின்னால் பெரிய தொல்லையாக வந்து நிற்கிறது. கிளைம் படிவத்தை வீட்டுப் பாலிசியில் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்வது கூட்டிப் பெருக்கிச் சேற்றோடு சேர்த்துச் சரக்கையும் தெருவில் தள்ளுவது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்ட சரக்கை ஒரு ஓரமாகக் குவித்து வையுங்கள். அரிசி, மாவு, மருந்து மாதிரி நாறிப்போகும் பொருள் என்றால் கம்பெனிக்கு ஈமெயில் போட்டு, வீடியோ எடுத்து, மூட்டையை எண்ணி, எடை போட்டு எழுதி, பக்கத்துக் கடைக்காரரின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அகற்றுங்கள். நனையாத சரக்கைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றுவதும் உங்கள் கடமைதான், எல்லாமே கெட்டுப்போகட்டும் என்று விட்டால் அதைச் சொல்லியே குறைப்பார்கள்.

சர்வேயருக்கு நாம் பணம் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். கம்பெனி நியமிக்கிறது, கம்பெனியே கூலி கொடுக்கிறது. அவர் கேட்ட பேப்பரைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது ஈமெயிலில் அனுப்புங்கள்.

பில், கணக்குப் புத்தகம் எல்லாமே தண்ணீரில் போய்விட்டது.

இதற்காக மனம் தளர வேண்டாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இணையத்தில் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்ட் திரும்பக் கிடைக்கும். சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியிடம் பில் நகலும், உங்கள் கணக்கில் அவர் எழுதியிருக்கும் லெட்ஜரும் இருக்கும், மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ ஒரு போன் போட்டால் அனுப்பிவிடுவார். சி.சி. லோன் இருந்தால் மாதாமாதம் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் இருக்கும். ஒன்று சொல்ல வேண்டும், பேங்குக்கு ஒரு கணக்கும் ஜி.எஸ்.டி.க்கு ஒரு கணக்கும் காட்டியிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், சர்வேயர் இரண்டையும் வைத்துத்தான் பார்ப்பார்.

வீட்டுக்காரர்கள் இப்போதே போனை எடுத்து ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து ஈமெயிலில் போட்டு வையுங்கள்.

கிளைமை மறுத்துவிட்டார்கள், அல்லது ரொம்பக் குறைத்துவிட்டார்கள்.

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்படி என்று கேளுங்கள். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை எடுப்பார், கம்பெனி கடைசியாக மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தும் சிறு கடைக்காரர்களும் போகலாம். நுகர்வோர் ஆணையம் அதற்கப்புறம் இருக்கவே இருக்கிறது.

முழுத் தொகையும் ஏற்றுக்கொண்டதாக எழுதிய செட்டில்மெண்ட் தாளில், மனசுக்கு ஒப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பண முடையில் இருக்கும்போது இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆட்சேபம் இருக்கிறது என்பதை அன்றைக்கே ஒரு ஈமெயிலாவது போட்டுவிடுங்கள்.

வயலும் வண்டியும்?

பயிருக்கு அரசு மானியத்தோடு பிரதமரின் பயிர்க் காப்பீடு இருக்கிறது, விவசாயி பங்கு காரிஃப் பருவப் பயிருக்கு 2 சதவீதம், ராபி பருவப் பயிருக்கு 1.5 சதவீதம், வணிக, தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். கடைசித் தேதியை வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒன்றும் வராது, முழுப் பாலிசி வேண்டும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, எஞ்சின் போனால் அதற்கென்று தனியாக எடுத்த கவர் இல்லாமல் பணம் வராது.

ஒரு கிளைம் வாங்கினால் அந்த வருஷத்துக்குப் பாலிசி முடிந்துபோகுமா?

வீட்டுப் பாலிசியில், முழு வீடும் போய் முழுத் தொகையும் வாங்கினால் ஒழிய, முடியாது. கொடுத்த தொகை அளவுக்குக் குறைந்த காப்பீடு தானாகவே பழைய அளவுக்கு நிரப்பப்படும், மீதி நாட்களுக்கான சிறு பிரீமியத்தைக் கிளைம் பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். டிசம்பரில் கிளைம் போட்டவருக்கு ஜனவரியில் மறுபடி தண்ணீர் வந்தாலும் பாலிசி நிற்கும். கடைப் பாலிசிக்கு இதே கேள்வியைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.